துறையடியில் காத்திருக்கும் அன்னை

முதுமை வந்தால் மறதியும் உடன்வரும் என்பது நம் நாட்டிலே குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு வீடெங்கும் அதனைத் தேடும் பாட்டனாரைக் கண்டு சிரியாத பேரப்பிள்ளைகள் யார்? அந்தச் சிரிப்பிலே தவறொன்றுமில்லை. ஆனால், கண்ணாடியைக் கையிலே எடுத்துக் கொடுத்த பின்னரும், ‘இது என்ன? இதை என்ன செய்வது?’ என்று அப்பெரியவர் கேட்பாராயின், அன்றோடு சிரிப்பு நின்றுவிடுகின்றது. முன்னையது மறதி, பின்னையது நோய். இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை அறிந்துகொள்ள எமக்கு மூன்று ஆண்டுகள் சென்றன. அறிந்த பின்னரும் அதனை ஊராருக்கு மறைத்தோம். கல்லூரியிலே பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் நாம், எம் அன்னையாரின் விஷயத்தில் எவ்வளவு மந்தமான மாணாக்கராக இருந்தோம் என்பதையே இன்று வாசகர்களுக்குச் சொல்ல எண்ணுகின்றோம். எம்மைப்போல் மறைத்துக்கொண்டிருக்கும் குடும்பம் ஒன்றேனும் இதனைப் படித்துப் பயன்பெறுமாயின் அதுவே போதும்.

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவர். ஞாயிறு எழும் கரை ஒன்று. படும் கரை மற்றொன்று. படுவான்கரையில், நெல்வயல்களுக்கும் வாவிக்கும் இடையே அமைந்தது மண்டூர். சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் கந்தசுவாமி கோயிலால் அவ்வூர் பேர்பெற்றது. எதிர்க்கரையிலுள்ள குருமண்வெளியிலிருந்து அங்கு செல்வோர் முற்காலத்தில் தோணியேறிச் சென்றனர். பின்னாளில் இயந்திரத்தால் ஓடும் மிதவை வந்தது. அதனை எம்மவர் ‘பாதை’ என்பர்.

எம் தந்தையார் நெல் வேளாண்மை செய்தவர். கல்முனைப் பக்கம் அலுவலாகச் சென்றால் அந்தி சாயும் வேளையில் தோணியிலே திரும்புவார். அவர் வரும்வரை அன்னையார் துறையடிப் பக்கம் பார்த்தபடியே இருப்பார். தந்தையார் 2011ஆம் ஆண்டில் காலமானார். ஆனால் அந்தக் காத்திருப்பு மட்டும் காலமாகவில்லை என்பதைப் பின்னரே கண்டோம்.

முதலிற் கண்ட குறிகள்

2018ஆம் ஆண்டளவில் கறியிலே உப்பு மிகுந்தது. ஒரு முறை போட்ட உப்பை மறந்து மீண்டும் மீண்டும் போட்டார். பின்னர் ஒரு சனிக்கிழமை எமக்கு இரண்டு தடவை சோறு பரிமாறினார். முதலாவது தடவை உண்டதைச் சொன்னபோது, நாம் பரிகாசம் செய்வதாக எண்ணிக் கோபித்தார். சாவிக்கொத்து அரிசிப் பானைக்குள் அகப்பட்டது. தம் பணத்தை யாரோ திருடிவிட்டதாகத் தமக்கையாரோடு சண்டையிட்டார். ஆனால், தாம் புதுமணப்பெண்ணாய் இருந்த காலத்திலே களவெட்டியில் எத்தனை அவணம் நெல் கண்டது, யாருக்கு எத்தனை மரைக்கால் அளந்தது என்பதெல்லாம் ஒரு மணி பிசகாமல் சொன்னார். ‘இத்தனை ஞாபகம் உள்ளவருக்கு நோயாவது, ஒன்றாவது! வயதுக் கோளாறு’ என்று நாம் தீர்ப்பளித்தோம்.

எம்மை ஏமாற்றியது அந்தப் பழைய ஞாபகந்தான். பிரான்சு தேசத்து உளநூலார் தியோதூல் ரிபோ என்பவர், ஞாபக நோய்களைப் பற்றி 1881ஆம் ஆண்டில் எழுதிய நூலில், புதியன முன்னே அழியும், பழையன பின்னே அழியும் என்னும் உண்மையை எடுத்துக்காட்டினார். மூளையின் உட்புறத்திலே கடற்குதிரை வடிவான ஒரு சிறு பகுதி இருக்கின்றது. இன்று நிகழ்வதை நாளைக்கென்று பதித்துவைப்பது அதன் தொழில். இந்நோய் பெரும்பாலும் அப்பகுதியையே முதலிற் பற்றுகின்றது. ஆகவே காலையில் உண்டது பதியாமற் போகின்றது. அறுபது ஆண்டுக்கு முன் பதிந்ததோ கல்வெட்டுப்போல் நிற்கின்றது. பழங்கதை சொல்கின்றாரே என்று நாம் மகிழ்ந்திருந்த வேளையில், நோய் வாயிலைக் கடந்து உள்ளே வந்துவிட்டது.

இந்நோயின் பெயருக்குக் காரணரானவர் அலோயிஸ் அல்சைமர் என்னும் ஜெர்மனிய வைத்தியர். 1901ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட் நகர வைத்தியசாலையில் அவுகுஸ்தே டேட்டர் என்னும் பெண்மணியை அவர் கண்டார். வயது 51. தம் பெயரை எழுதச் சொன்னபோது அப்பெண்மணியால் முழுவதும் எழுத முடியவில்லை. தொடங்கியதை நடுவே மறந்துவிட்டார். 1906ஆம் ஆண்டில் அவர் இறந்தபின் அவரது மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்த அல்சைமர், உயிரணுக்களுக்கிடையே படிந்த கறைகளையும், உயிரணுக்களுக்குள்ளே முறுகிக் கிடந்த இழைகளையும் கண்டார். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் வைத்தியர் மகாநாடு ஒன்றில் அதனை எடுத்துரைத்தபோது சபையோர் ஒரு கேள்விதானும் கேட்டாரில்லை. 1910ஆம் ஆண்டில் எமில் கிரேப்பெலின் என்னும் பேராசிரியர் தம் பாடநூலிலே இதனை அல்சைமர் நோய் என்று பெயரிட்டார். மறதிநோய்கள் பலவகைப்படும், நூற்றுக்கு 60 முதல் 70 வரை இவ்வகையே என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

ஆகவே இது பைத்தியமன்று, பேய்க்கோளாறன்று, முன்வினைப் பயன் என்று சொல்லிக் கைவிடத்தக்கதுமன்று. இருதயம் நோயுறுவதுபோல் மூளை என்னும் உறுப்பு நோயுறுகின்றது, அவ்வளவே.

மறைத்த கதை

இவ்வுண்மைகளை நூல்களிலே படித்து அறிந்த பின்னரும் ஏன் மறைத்தோம்? அதற்கு எம் பிரதேசத்து வழக்கமொன்றைச் சொல்லுதல் வேண்டும். மட்டக்களப்புப் பகுதியிலே குடி என்பது தாய்வழியே வருவது. தாயின் குடியே பிள்ளையின் குடி. வீடும் வளவும் பெண்மக்களுக்குச் சீதனமாகப் போகும். ஆண்மகன் மணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போவான். எம் தமக்கையாரின் மகளுக்கு 2021ஆம் ஆண்டில் கலியாணப் பேச்சு நடந்தது. பாட்டிக்குச் சித்தம் தடுமாறிவிட்டது என்ற சொல் வெளியே போனால், அது தாய்வழிக் குடியையே சாரும் பழியாகும் என்று அஞ்சினோம். வாசற்கதவைச் சாத்தினோம். யாரேனும் வந்தால் ‘அம்மாவுக்குக் காய்ச்சல்’ என்றோம். கோயிலுக்குக் கூட்டிச் செல்வதையும் நிறுத்தினோம்.

அச்சத்துக்குக் காரணம் அறியாமை. இளவயதிலேயே தோன்றிக் குடும்பத்தில் வழிவழியாக இறங்கும் ஒருவகை உண்டு. அது மிக அரிது. முதுமையில் வருவதிலே பரம்பரைக்கு ஓரளவு பங்குண்டாயினும், பாட்டிக்கு வந்தமையால் பேத்திக்கும் வரும் என்னும் நியதி கிடையாது.

மாலை நேரம் இந்நோயாளருக்குப் பொல்லாத நேரம். வெளிச்சம் குறையக் குறைய மனக்குழப்பம் மிகும். ஒவ்வோர் அந்தியிலும் அன்னையார் எழுந்து நிற்பார். “அப்பா இன்னும் வரல்லயே மனே” என்பார். உண்மை பேசுதலே அறம் என்று கற்பிக்கும் நாம், “அப்பா செத்துப் பத்து வருஷமாச்சே அம்மா” என்று சொன்னோம். அதனைக் கேட்டு அவர் அழுத அழுகை, தந்தையார் இறந்த அன்று அழுத அதே அழுகை. அவருக்கு அது அப்போதுதான் வந்த செய்தி. அடுத்த நாள் மீண்டும் அதே வினா. மீண்டும் எமது உண்மை. மீண்டும் அதே அழுகை. இவ்வாறு எத்தனை மாலைகளில் எம் தந்தையாரை நாமே மீண்டும் மீண்டும் சாகடித்தோம்!

தமக்கையார் எட்டாம் வகுப்போடு நின்றவர். அவரே வழி கண்டுபிடித்தார். அன்னையார் கேட்கும்போது, “அப்பா தோணியில என்னெல்லாம் கொண்டு வருவார், சொல்லுங்க அம்மா” என்று திருப்பிக் கேட்பார். அன்னையார் சொல்லத் தொடங்குவார், சொல்லிக்கொண்டே அமைதியடைவார். இன்று உலகெங்கும் மறதிநோயாளரைப் பராமரிக்கப் பயிற்றுவோர், நோயாளரோடு வாதாடாதே, அவர் நிற்கும் காலத்துக்கு நீ செல் என்றே போதிக்கின்றனர்.

வாவிக்கரையில் ஓர் அந்தி

2021ஆம் ஆண்டு மார்கழி மாதம். மழை பெய்து வாவி நிறைந்திருந்தது. தமக்கையார் அடுப்படியில் இருந்தார். சாத்திய கதவு எப்படியோ திறந்துகொண்டது. அரை மணி நேரம் தாங்களாகவே தேடினார்கள். அயலாரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் தெரிந்துவிடுமே!

அன்னையார் துறையடிக்கு அப்பால், முழங்காலளவு நீரில், எதிர்க்கரையைப் பார்த்தவண்ணம் நின்றார். வலை வீச வந்த மீனவர் இருவர் கண்டு கைப்பிடித்துக் கரையேற்றி வந்தனர். அவர்களுள் மூத்தவர் தமக்கையாரிடம் கூறிய வார்த்தையை நாம் மறக்க மாட்டோம். “முந்தநாளும் இவடத்த நிண்டவ. காத்து வாங்க வந்திருக்காவெண்டு நினைச்சிப் பேசாமப் போயிட்டம். ஒரு சொல் சொல்லியிருந்தா நாங்க பாத்துக்கொண்டிருப்பமே!”

அந்த ஒரு சொல்லை மறைத்தே நாம் எம் அன்னையாரை வாவி வரை அனுப்பினோம். மறதி அவருக்கு வந்த நோய். மறைப்பு எமக்கு வந்த நோய். அவருடைய நோய்க்கு இன்னும் பூரண மருந்து கிடையாது; எம்முடைய நோய்க்கோ அன்றைக்கே மருந்திருந்தது.

மறுநாள் வீடுவீடாகச் சென்று சொன்னோம். துறையடியிலும், கடைத்தெருவிலும், கோயிலடியிலும் சொன்னோம். அதன்பின் அன்னையார் துறைக்குப் போனால், “தோணி இண்டைக்கு வராதாம் அம்மா, நாளைக்கு வாங்க” என்று சொல்லி யாரேனும் ஒருவர் வீடுவரை கூட்டிவருவர். மூன்று ஆண்டுகளாக நாங்கள் சாத்திவைத்த கதவு செய்யாத காவலை ஊர் செய்தது.

கலியாணப் பேச்சு என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். அது நின்றுபோயிற்று. மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லவில்லை; நாங்களும் கேட்கவில்லை. தமக்கையாரின் மகள் சில நாள் பேசாதிருந்தாள். அடுத்த ஆண்டு வேறோர் இடத்திலிருந்து பேச்சு வந்தபோது, பாட்டியின் நிலையை முதல் வார்த்தையாகவே சொன்னோம். அவ்வீட்டு அம்மையார் சற்று நேரம் மௌனமாயிருந்துவிட்டு, தம் மாமியாரையும் இவ்வாறே ஆறு ஆண்டுகள் உள்ளறையில் வைத்திருந்ததாகச் சொல்லிக் கண் கலங்கினார். அந்தக் கலியாணம் நிறைவேறியது. ஊரிலே எத்தனை உள்ளறைகள் இருக்கின்றன என்று அன்று எண்ணிப் பார்த்தோம்.

வைத்தியரிடம் கற்றவை

அதன்பின்னரே மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு அன்னையாரை அழைத்துச் சென்றோம். முன்னரே சென்றிருத்தல் வேண்டும். ஏனெனில், மறதியெல்லாம் அல்சைமர் அன்று. தைரொயிட் சுரப்புக் குறைவு, பி12 விற்றமின் குறைவு, மனச்சோர்வு, மூளையில் நீர் கோத்தல், சில மருந்துகளின் தீய விளைவு ஆகியவற்றாலும் ஞாபகம் மங்கக்கூடும். அவற்றுட் பல சிகிச்சையால் சீர்ப்படக்கூடியவை. ‘வயதுக் கோளாறு’ என்று வீட்டிலே தீர்ப்பளிப்பவர், குணமாகக்கூடிய ஒருவரைக் குணமாகாதவராக்கிவிடுகின்றார். அல்சைமர் என்று துணிந்த பின்னரும், டொனெபெசில் போன்ற மருந்துகள் சிலருக்குச் சில காலம் தெளிவு தருகின்றன. ஆயினும் நோயை நிறுத்துவதில்லை. அண்மை ஆண்டுகளில் மேல்நாடுகளிலே மூளைக் கறையை அகற்றும் புது மருந்துகள் வந்துள்ளன. அவையும் நோயின் தொடக்க நிலையினருக்கே உரியன, விலையும் மிகுதி, அடிக்கடி பரிசோதனையும் வேண்டும்.

இது செல்வ நாடுகளின் நோய் என்று எண்ணற்க. உலகில் ஏறத்தாழ 57 மில்லியன் மக்கள் 2021ஆம் ஆண்டில் மறதிநோயோடு வாழ்ந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. 1998ஆம் ஆண்டில் இந்தியாவின் கொச்சி நகரிலே கூடிய ஆராய்ச்சியாளர், தங்கள் குழுவுக்கு ‘10/66’ என்று பெயரிட்டனர். நோயாளரில் நூற்றுக்கு 66 பேர் வளர்முக நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட அந்நாடுகளில் நடைபெறவில்லை என்பதை அப்பெயர் சுட்டியது. எம் நாட்டிலே ராகமைப் பகுதியில் நடத்தப்பட்டு 2003ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, 65 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வருக்கு இந்நோய் இருக்கக் கண்டது. கொழும்பிலே 2001ஆம் ஆண்டில் தொடங்கிய லங்கா அல்சைமர் பவுண்டேஷன் நோயாளருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் துணை செய்துவருகின்றது.

மாணவ நேயர்களுக்கு ஒரு செய்தி. லான்செற் என்னும் வைத்திய சஞ்சிகை அமைத்த ஆணைக்குழு, இந்நோய்க்கு ஏதுவாகும் மாற்றத்தக்க காரணங்கள் பதினான்கினை 2024ஆம் ஆண்டில் வரிசைப்படுத்தியது. இளமையிற் கல்விக் குறைவு, செவிப்புலன் குறைவு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், உடலுழைப்பின்மை, தனிமை ஆகியவை அவற்றுட் சில. அவை அனைத்தையும் நீக்க இயலுமாயின், நோயுறுவோரில் நூற்றுக்கு 45 பேரளவில் தடுக்கவோ தாமதப்படுத்தவோ கூடும் என்பது அவர்கள் முடிபு. இளமையிற் கல்வி என்பது உத்தியோகத்துக்கு மட்டும் உதவுவதன்று. முதுமைக்கும் வைக்கும் சேமிப்பு.

வீடு யாருக்கு, தாய் யாருக்கு?

இன்னொன்றையும் ஒளியாது சொல்லுதல் வேண்டும். வீடு மகளுக்கு என்பது எம் வழக்கம். ஆகவே வீட்டிலிருக்கும் தாயும் மகளுக்கே என்று நாம் வசதியாகப் பொருள் கொண்டோம். சனிதோறும் பாதையேறிச் சென்று, விருந்தினர்போல் உண்டு, நூலிற் படித்த ஆலோசனைகளைத் தமக்கையாருக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினோம். இரவில் நான்கு முறை எழுபவர் அவர். ஆலோசனை சொல்பவர் நாம். உலக முழுவதும் இந்நோயாளரைப் பராமரிக்கும் நேரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கினைப் பெண்களே சுமக்கின்றனர். ஒருநாள் தமக்கையார், “எனக்கு ஒரு ராத்திரி நித்திரை வேணும், வேற ஒண்டும் வேணாம்” என்றார். அன்று முதல் வெள்ளி இரவும் சனி இரவும் எமது முறை. அன்னையாரை உண்மையில் அறிந்தது அந்த இரவுகளிலேதான்.

அத்தகைய ஓர் இரவு, 2023ஆம் ஆண்டில். வெளியே காற்று வீசியது. அன்னையார் 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துச் சூறாவளியைச் சொல்லத் தொடங்கினார். கூரை போனது, தென்னைகள் முறிந்தது, பத்து மாதப் பிள்ளையைக் கட்டிலின் கீழே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விடியும்வரை கிடந்தது எல்லாம் சொன்னார். அந்தப் பத்து மாதப் பிள்ளை நாமே. கதையை முடித்துவிட்டு எம்மை உற்றுப் பார்த்தார். “உங்களுக்குப் பிள்ளையள் இரிக்கா?” என்று கேட்டார்.

நாற்பத்தைந்து ஆண்டுகளாக ‘மனே’ என்றும் ‘நீ’ என்றும் அழைத்த வாய், அன்று முதன்முதலாக எம்மை ‘நீங்கள்’ என்றது. மரியாதைச் சொல் ஒன்று இத்துணை வலிக்கும் என்பதை எந்த இலக்கண நூலும் எமக்குச் சொல்லவில்லை. “இரண்டு பேர்” என்றோம். “காத்துக்கு வெளியில விடாதீங்க” என்றார். மகனை மறந்தவர் மகன்மீது கொண்ட அக்கறையை மறக்கவில்லை.

இதற்கும் ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் ஐயோவாப் பல்கலைக்கழகத்தார் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், அல்சைமர் நோயாளருக்குத் துயரமும் மகிழ்ச்சியும் தரும் திரைப்படத் துண்டுகளைக் காட்டினர். சிறிது நேரத்தில் படத்தைப் பெரும்பாலும் மறந்துவிட்டனர். ஆனால் படம் தந்த துயரமும் மகிழ்ச்சியும் மறதிக்குப் பின்னும் அவர்களிடம் நிலைத்திருந்தன. ‘எதைச் செய்தாலும் மறந்துவிடுவார்தானே’ என்று கடிந்து பேசுவோர் இதனைக் கருதுக. கடிந்தது மறந்துபோகும், கடிந்ததனால் விளைந்த வருத்தம் தங்கும். அன்பும் அவ்வாறே தங்கும்.

இப்போது அன்னையாருக்குப் பேச்சு இல்லை. துறையடிக்குச் செல்லக் காலும் இல்லை. மண்டூர்க் கந்தன் சந்நிதியிலே கப்புகனார் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வார். மந்திரமில்லாப் பூசை எங்ஙனம் நிறைவுறும் என்று இளமையிலே நாம் ஐயுற்றதுண்டு. அன்னையாருக்குக் கஞ்சி ஊட்டும் இரவுகளில் அந்த ஐயம் தீர்ந்தது. அவர் எம் விரலைப் பற்றிக்கொள்கின்றார். யார் விரல் என்று அறியார். ஆயினும் பற்றிய பிடியைத் தளர்த்துவதில்லை.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் ஓர் உள்ளறை இருக்குமாயின் அதன் கதவைத் திறந்துவிடுங்கள். வைத்தியருக்குச் சொல்லுங்கள், அயலாருக்குச் சொல்லுங்கள், உடன்பிறந்தோர் கடமையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். நாம் வெள்ளிக்கிழமைகளில் மண்டூருக்குப் போகும்போது, துறையிலே அறிந்தவரும் அறியாதவரும், “அம்மா எப்படி இரிக்கா?” என்று கேட்கின்றனர். அந்த ஒரு கேள்விக்கு அஞ்சியே மூன்று ஆண்டுகள் ஒளிந்திருந்தோம். இன்று அந்தக் கேள்வியே எமக்குத் துணை.